பெயிண்ட்தான் வேற

ஏழு வயதில் ஸ்டார்ஸ்கிரீம் கேட்டு அழுதேன். மெர்சிங் பாசார் மாலாமில் அப்பா வாங்கி வந்தது கறுப்பும் ஊதாவுமான ஸ்கைவார்ப். "ரெண்டும் ஒரே பிளேன்தானேடா, பெயிண்ட்தான் வேற" என்றார். நான் சுவரில் விட்டெறிந்தேன்.

அப்பா சொன்னது சரிதான், ஒரே மோல்டு. ஆனால் நான் கேட்ட 'அசல்' எது? 1984-இல் ஹாஸ்ப்ரோ டிரான்ஸ்ஃபார்மர்ஸை வெளியிடுமுன்பே, அந்த எஃப்-15 ஜப்பானில் தகாராவின் டயாகுளோன் வரிசையில் விற்றது. அங்கே அதற்கு மனசு கிடையாது. குட்டி மனிதன் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம், அவ்வளவுதான். குணங்களை எழுதியவர் பெரும்பாலும் மார்வெலின் பாப் புடியான்ஸ்கி. ஸ்டார்ஸ்கிரீமின் நிறம்கூட டயாகுளோனில் இருந்து வந்ததே. மூன்று விமானங்களில் இரவல் வாங்காத நிறம் ஸ்கைவார்ப்புடையது மட்டும்!

அப்படியானால் நிறம் வெறும் தோல்தானா? எங்கள் ஆற்று முகத்துவாரத்துப் படகுகளுக்குப் புதுச் சாயம் அடித்தாலும் அதே படகுதான். பொம்மைக்கு மட்டும் சாயம் மாறினால் ஆளே மாறிவிடுகிறான். மாற்றுவது சாயமில்லை, நாம் வைக்கும் பெயர் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அதற்கு நான் வைத்த பெயர் 'டூப்ளிகேட்'. அப்பா காதிலும் அது விழுந்தது.

உடைந்த இடது இறக்கையை அவர்தான் சூப்பர் குளூ போட்டு ஒட்டினார். கொஞ்சம் கோணலாக நிற்கிறது. போன வாரம் எடுத்துக் காட்டினேன். "இதுவா நீ கேட்டது?" என்றார்.