முந்துகிறவனுக்கும் சொல்லிக் கொடுக்கலாமா?

தேர்வுக் காலம் நெருங்கினால் நம் பிள்ளைகள் இருவர் மூவராய்ச் சேர்ந்தமர்ந்து படிப்பதைக் காண்கிறோம். ஒருவர் கேட்க, மற்றவர் விடை சொல்ல, பாடம் இருவர் மனத்திலும் பதிகிறது. அரபி மதரஸாக்களில் இது பழைய வழக்கம். உஸ்தாது பாடம் நடத்திச் சென்றபின் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து அதே பாடத்தைத் தமக்குள் திருப்பிச் சொல்லிக் கொள்வார்கள். அதற்குத் தக்ரார் என்று பெயர். உயிரியல் பாடத்துக்கும் இம்முறை நன்கு பொருந்துகிறது. ஆனால் மதரஸாவின் தக்ராரில் அவ்வளவாக எழாத ஒரு கேள்வி இங்கே எழுகிறது. நான் சொல்லிக் கொடுத்ததைக் கொண்டே என் தோழன் என்னை முந்திவிட்டால் என்ன செய்வது? அவனுக்கு இடம் கிடைத்து எனக்குக் கிடைக்காமற் போனால்? அப்போதும் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டுமா?

இதைப் பிள்ளைகளின் அற்பக் கேள்வி என்று நாம் தள்ளிவிடலாகாது. ஒரு குடும்பத்தின் பல வருட எதிர்பார்ப்பு இதற்குள் அடங்கியிருக்கிறது.

பழனி மலையின் உச்சியில், கொடைக்கானல் என்ற ஒரே ஊரில், இருவகைத் தேர்வுகளுக்கு மாணவர்கள் படிக்கிறார்கள். 1901ல் தொடங்கப்பெற்ற கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976ல் ஐ.பி. என்னும் அனைத்துலகப் பாடத்திட்டத்தை இந்தியாவிலேயே முதலாவதாக ஏற்றது. அதில் உயிரியலுக்கு 1 முதல் 7 வரை தரம் இடுகிறார்கள். இத்தனை பேருக்குத்தான் 7 என்ற கட்டுப்பாடு இல்லை. தகுதியாக எழுதிய எவரும் அதைப் பெறலாம். நம் அரசு நடத்தும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்விலும் ஒருவர் தேறுவதால் இன்னொருவர் தோற்பதில்லை.

அதே ஊரின் மாணவன் மருத்துவம் படிக்க விரும்பினாலோ, அவன் நீட் தேர்வை எழுதியாக வேண்டும். 2017 முதல் தமிழ்நாட்டில் இதுவே நிலை. 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். அதில் சரிபாதி, 90 வினாக்களும் 360 மதிப்பெண்களும், உயிரியலுக்கு உரியவை. சரியான விடைக்கு 4 கிடைக்கும். தவறான விடைக்கு 1 கழியும். இருவர் சமமாக வந்துவிட்டால் முதலில் பார்க்கப்படுவது உயிரியல் மதிப்பெண்ணே. எவ்வளவு வாங்கினாய் என்பதைவிட எத்தனையாவதாக வந்தாய் என்பதே இங்கு பெரிது. உயிரணுவும் இரத்த ஓட்டமும் மரபியலும் எல்லாத் தேர்விலும் ஒன்றுதான். பாடத்துக்கு அப்பால் காத்திருக்கும் இடங்கள் எண்ணப்பட்டவையா, அல்லவா என்பதில்தான் வேறுபாடு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் நூலில் பொறாமையின் காரணங்களை ஆராயும்போது இந்த வேறுபாட்டையே சுட்டுகிறார்கள். அறிவை அறிவுக்காகத் தேடுவோரிடையே பொறாமைக்கு இடமில்லை. ஏனெனில் ஒருவர் அறிந்து கொள்வதால் மற்றவருடைய அறிவு குறைவதில்லை. அறிவைக் கொண்டு பொருளையும் பதவியையும் தேடத் தொடங்கினாலோ பொறாமை நுழைந்துவிடும். ஏனெனில் பொருள் ஒரு கைக்குப் போனால் மறு கை வெறுமையாகிறது. இதுவே அவர்கள் தரும் விளக்கத்தின் சாரம். நம் மாணவனின் நெஞ்சில் நடக்கும் போராட்டம் இதுதான். அவன் கையிலிருக்கும் பாடம் குறையாத பொருள். அவன் கண் வைத்திருக்கும் இடமோ குறையும் பொருள்.

கணக்கைச் சொல்லி அவனைத் தேற்றலாம் என்பார் சிலர். 2024ல் நீட் எழுதியோர் 23 இலட்சத்துக்கும் மேல். அத்தனை பேரில் பக்கத்தில் இருக்கும் தோழன் ஒருவன்தான். அவன் முந்தினாலும் நம் வரிசை ஒரு படிதான் இறங்கும். சொல்லிக் கொடுப்பவனுக்கு வரும் இலாபமோ அதைவிடப் பெரிது. மயோசிஸ் பகுப்பில் குரோமோசோம்களின் எண்ணிக்கை எப்போது பாதியாகிறது, முதற் பகுப்பிலா இரண்டாம் பகுப்பிலா என்று தோழன் கேட்கும்போதுதான், அது முதற் பகுப்பில் என்பதற்குரிய காரணம் தனக்கே தெளிவாக இல்லை என்று சொல்ல வந்தவன் உணர்கிறான். சொல்லிக் கொடுக்கப் புகுந்தவன் இருமுறை படித்தவனாகிறான்.

இக்கணக்கு பெரும்பாலும் சரியே. எனினும் முற்றிலும் சரியென்று நாம் கூறமாட்டோம். 2020ல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்தது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் உள்ளவை சில நூறு இடங்களே. கடைசி இடத்தின் விளிம்பில் நிற்பவனுக்கு ஒரே ஒரு படி இறங்குவதும் இடத்தை இழப்பதாக முடியலாம். ஆகவே, 'உனக்கு நட்டமே வராது' என்று மாணவனிடம் சொல்வது உண்மையாகாது. நட்டம் வரக்கூடும் என்பதை ஒப்புக்கொண்ட பின்னும் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டுமா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

இதற்கு விடை நிய்யத்தில் இருக்கிறது. மருத்துவக் கல்வியை இமாம் கஸ்ஸாலி அவர்கள் பர்ளு கிஃபாயாவில் சேர்க்கிறார்கள். சமுதாயம் முழுவதன் மீதும் சுமந்த கடமை அது. போதிய பேர் நிறைவேற்றினால் எல்லார் மீதிருந்தும் நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் எல்லாருமே குற்றவாளிகள். இப்போது நம் மாணவன் தன்னையே கேட்டுக் கொள்ளட்டும். நான் மருத்துவனாக விரும்புவது எதற்காக? என் ஊரில் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும் என்பதற்காக என்றால், தோழன் மருத்துவனானாலும் அந்தக் கடமை நிறைவேறுகிறது. அதில் சொல்லிக் கொடுத்தவனுக்கும் பங்குண்டு. நான் மட்டுமே அந்த மருத்துவனாக இருக்க வேண்டும் என்பதற்காக என்றால், அவன் தேடுவது வேறொரு பொருள். அதைத் தேடுவது பாவமென்று நாம் சொல்லவில்லை. நல்ல வாழ்வை விரும்புவது மனித இயல்பு. தனக்கும் அதுபோல் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதை மார்க்கம் தடுக்கவில்லை. மற்றவனுக்குக் கிடைக்கலாகாது என்று விரும்புவதே ஹஸது.

எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அறிந்ததை மறைப்போரைப் பற்றி வந்துள்ள கடும் எச்சரிக்கை மார்க்க அறிவைப் பற்றியது என்றே ஆலிம்கள் பெரும்பாலும் விளக்குவர். ஆகவே உயிரியல் குறிப்பேட்டைக் கொடுக்காதவனை அந்த எச்சரிக்கையின் கீழ் நிறுத்த நமக்கு உரிமையில்லை. தன் படிப்பைப் பாழாக்கிக் கொண்டு இரவெல்லாம் பிறனுக்குப் பாடம் நடத்துவதும் கடமையாகாது, அது உபகாரம். ஆனால் கேட்கப்பட்ட ஐயத்துக்கு விடை தெரிந்திருந்தும் தெரியாது என்பது பொய். தவறான விடையைத் தந்து வழிமாற்றுவது துரோகம். இவ்விரண்டுக்கும் எந்தப் போட்டியும் காரணமாகாது.

உதவிக்கு மறுபுறமும் ஓர் எல்லை உண்டு. மலையடிவாரத்துத் தேனியில், அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவருக்காக வேறொருவர் நீட் எழுதினார் என்ற ஆள்மாறாட்டப் புகார் 2019ல் எழுந்து, கைதுகளும் நடந்தன. பிறனுக்குக் கற்பிப்பது அவனை உயர்த்துகிறது. பிறனுக்காக எழுதுவதோ அவனைக் கல்லாதவனாகவே விட்டு, நாளை அவன் கையில் ஒரு நோயாளியை ஒப்படைக்கிறது.

உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடைக்கானலின் சோலைக்காடே இதில் ஒரு பாடம். திறந்த புல்வெளியில் குளிர்கால இரவுகளின் உறைபனி சோலை மரக்கன்றைக் கருக்கிவிடுகிறது. பெரிய மரங்களின் நிழலில் அதே கன்று பிழைக்கிறது. வளர்ந்த பிறகு அவை ஒளிக்காக ஒன்றோடொன்று போட்டியிடுவதும் உண்மைதான். போட்டியும் புகலிடமும் ஒரே காட்டில் இருக்கின்றன. ஆனால் புகலிடம் இல்லாவிட்டால் போட்டியிடும் வயதை எந்தக் கன்றும் எட்டாது.

ஆகவே சேர்ந்து படிக்க அமரும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். அமரும்போதே நிய்யத்தைச் சரி செய்து கொள்ளுங்கள். தெரிந்ததை மறைக்காதீர்கள், தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள். முடிவு வரும் நாளில் தோழன் முந்தியிருந்தால் நெஞ்சில் ஒரு வலி தோன்றும். அந்த வலி குற்றமல்ல. அதற்கு இணங்கி அவன் தாழ வேண்டுமென்று விரும்புவதுதான் குற்றம். மன்னவனூரிலும் பூம்பாறையிலும் ஒருவருக்குக் கடும் நோய் கண்டால், வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் வெகுதூரம் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வழியெல்லாம் அந்த நோயாளியின் தாய் துஆச் செய்வது ஒரு மருத்துவர் இருக்க வேண்டும் என்றுதான். உங்கள் இருவரில் அவர் யார் என்று அவள் கேட்கமாட்டாள்.