அம்பாள் முன் வைத்த கணக்கு

சிவமயம்



சித்திரை வருடப் பிறப்புப் பூசை நிறைவெய்தி, அடியார்கள் அன்னதான மண்டபத்தில் அமர்ந்திருந்த வேளையில், ஒரு தாயார் எம்மிடம் வந்தார். "தம்பி, மகனுக்கு மேற்படிப்புக்கு ரெண்டு இடத்திலை கிடைச்சிருக்கு. ஒண்டு இஞ்சை டோர்ட்மண்டிலை, மற்றது லண்டனிலை. ஐயரிட்டைச் சொல்லி அம்பாளுக்கு முன்னாலை பூக்கட்டிப் பாப்பமோ?" என்று கேட்டார்.

எமக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனெனில் இதே கேள்வி சென்ற வருடம் எமது வீட்டிலேயே எழுந்தது. அந்தத் தாயாருக்கு அன்று சொல்லாமல் விட்ட பதிலை இன்றைய வெள்ளிக்கிழமைச் சிந்தனையாக உங்கள் முன் வைக்கின்றோம்.

கல்விக்காகக் கடல் கடப்பது எம்மவர்க்குப் புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு முதன்முதலாக நடத்திய பி.ஏ. பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் இருவர். சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகிய அவ்விருவரும் யாழ்ப்பாணத்தவர். எனினும் இன்று நாம் எடுத்துக்கொள்வது இன்னொருவருடைய கதை. அவர் எம்மைப் போலவே கணக்குப் பிரிவில் வேலை செய்தவர். கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனுக்கு 1904இல் அங்குள்ள அரசினர் கல்லூரியில் புலமைப்பரிசில் கிடைத்தது. கணிதத்தைத் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லாததால் அது கையை விட்டுப் போயிற்று. பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. பரீட்சையில் சித்தியெய்தவில்லை. 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு எழுதுவினைஞராகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அவரை இங்கிலாந்துக்கு வருமாறு அழைத்தார்.

நாமாக இருந்தால் மறுநாளே பெட்டியை அடுக்கியிருப்போம். இராமானுஜனோ முதலில் மறுத்துவிட்டார். வைணவ ஆசாரக் குடும்பம். கடல் கடந்தால் சாதியாசாரம் கெடும் என்ற பயம். தாயார் கோமளத்தம்மாள் சம்மதியார். இதற்கிடையில் சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி வழங்கியது. சம்பளத்திலும் இரண்டரை மடங்கு. வீட்டிலிருந்தபடியே ஆராய்ச்சி செய்யலாம். கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவர் "இதுவே போதும்" என்றுதான் சொல்லியிருப்பார்.

1914இன் தொடக்கத்தில் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் விரிவுரைகள் ஆற்றச் சென்னை வந்தார். இராமானுஜனை எப்படியாவது சம்மதிக்கச் செய்யவேண்டும் என்று ஹார்டி அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நெவில் மீண்டும் அழைத்தபோது, அவரே வியக்கும்படி, மறுப்பு நீங்கியிருந்தது. குடும்பத்தின் குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். தாயாரின் கனவில் மகன் ஐரோப்பியர் நிறைந்த ஒரு மண்டபத்தில் அமர்ந்திருப்பதாகக் காட்சி தெரிந்ததென்றும், மகனின் பிறவிப் பயனுக்குக் குறுக்கே நிற்காதே என்று நாமகிரித் தாயார் கட்டளையிட்டதாகவும் சொல்லப்படுகின்றது. இராமானுஜனே நாமக்கல் சந்நிதியில் மூன்று இரவுகள் தங்கி உத்தரவு பெற்றார் என்று சொல்வோரும் உளர்.

அடியார்களே, இந்தக் கனவைப் பற்றிப் பலர் பேசியிருக்கின்றனர். அதில் ஒன்றைக் கவனியுங்கள். "கேம்பிரிட்ஜ் நல்லது, சென்னை கூடாது" என்று தாயார் சொன்னதாக எவரும் சொல்லவில்லை. எத்தனை பவுண் தருவார்கள் என்றும் தெய்வம் சொல்லவில்லை. "குறுக்கே நிற்காதே" என்பதுதான் கட்டளை. அதாவது தெய்வம் கணக்கைப் போட்டுக் கொடுக்கவில்லை. கணக்கை மறைத்துக்கொண்டிருந்த பயத்தை விலக்கிக் கொடுத்தது. 

கணக்கை மனிதர்கள்தான் போட்டார்கள். நெவில் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். துறைமுகத் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆளுநரின் அலுவலகத்துக்கு எழுதினார். பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுண் வீதம் இரண்டு வருடங்களுக்கும், பயணத்துக்கும் உடுப்புக்குமாக 100 பவுணும் ஒதுக்கியது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி 60 பவுண் சேர்த்தது. அந்த 250இல் 50 பவுண், ஏறத்தாழ மாதம் 60 ரூபாய், கும்பகோணத்திலுள்ள பெற்றோருக்கு நேரே போய்ச்சேர ஒழுங்கு செய்யப்பட்டது. எனவே மகன் கையில் வருடத்துக்கு 260 பவுண், வீட்டாருக்கும் பசியில்லை. 1914 மார்ச் 17ஆம் திகதி 'நெவாசா' என்ற கப்பலில் அவர் புறப்பட்டார். குடுமியை எடுத்து, மேனாட்டு உடை அணிந்தார். அந்தக் கோலத்தில் மகனைக் காணாதபடி தாயாரும் மனைவி ஜானகியும் முன்னரே ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தனர்.

இனி எமது வீட்டுக் கதைக்கு வருவோம். எமது மகள் டோர்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவள். நிலக்கரியும் இரும்பும் பியரும் என்று பெயரெடுத்த இந்த நகரத்துக்குப் பல்கலைக்கழகம் வந்தது 1968இல்தான். ஆனால் புள்ளியியலுக்கென்றே தனிப் பீடம் உள்ள இடம் இது. முதற் பட்டம் முடியும் தறுவாயில் மேற்படிப்புக்கு மூன்று இடங்களிலிருந்து கடிதம் வந்தது. ஒன்று இதே டோர்ட்மண்ட். எமது மாநிலத்தில் 2011 மாரிகாலப் பருவம் முதல் படிப்புக் கட்டணம் இல்லை. பருவத்துக்குரிய சிறு தொகை மட்டும்தான். இரண்டாவது இலண்டன், ஒரு வருடப் படிப்பு, உதவிப் பணம் எதுவும் இல்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின், 2021 இலையுதிர் காலம் முதல் புதிதாகச் செல்லும் எமது பிள்ளைகள் அங்கே வெளிநாட்டு மாணவருக்குரிய கட்டணமே கட்டவேண்டும். மூன்றாவது ரொறன்ரோ, ஆராய்ச்சியுடன் கூடிய படிப்பு, கட்டணமும் மாதச் செலவும் தருவதாகக் கடிதம்.

நாம் கணக்காளர். எனவே தாளை எடுத்து மூன்று நிரல் போட்டோம். எப்படிக் கூட்டினாலும் டோர்ட்மண்டே வென்றது. எமது துணைவியாரோ அதோடு ஆறவில்லை. அம்பாள் முன் பூக்கட்டிப் பார்க்கவேண்டும் என்றார். ஐயரிடம் சென்றோம். ஐயர் எம்மைப் பார்த்து, "கணக்குப் பார்த்து முடிஞ்சுதோ?" என்று கேட்டார். "முடிஞ்சுது ஐயா" என்றோம். "அந்தக் கணக்கைப் பிள்ளை பார்த்தவவோ?" என்று கேட்டார். இல்லை என்றோம். "முதல் பிள்ளைக்குக் காட்டுங்கோ. பிறகு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து தாளை மகளிடம் கொடுத்தோம். அவள் வாசித்தாள். ரொறன்ரோ நிரலில் வருடத்துக்கு நான்கு விமானப் பயணம். 'அவசரச் செலவு' என்று ஒரு பெருந்தொகை. அதற்குக் கீழே 'எதிர்பாராதது' என்று இன்னொரு தொகை. டோர்ட்மண்ட் நிரலில் சாப்பாட்டுக்கு நேரே பூச்சியம். மகள் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, நான் இஞ்சை இருந்தால் சாப்பிட மாட்டனோ?" என்று கேட்டாள்.

அடியார்களே, அந்தக் கேள்விக்கு எம்மிடம் பதில் இல்லை. இருபது வருடங்களுக்கு மேலாக மற்றவர்களுடைய கணக்கைப் பிழையின்றி எழுதியவர், சொந்த மகளுக்குப் பொய்க் கணக்கு எழுதிவிட்டோம். காசு குறையும் என்பதல்ல எமது பயம். நாம் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது ஒரு பை மட்டும் கையில் இருந்தது. படலையில் நின்ற அம்மாவை அதன் பிறகு நாம் காணவில்லை. போகிறவர் திரும்பி வரமாட்டார் என்பதே எமக்குத் தெரிந்த பயணம். அந்தப் பயத்தைக் காசாக மாற்றி, மகளின் பெயரில் செலவு எழுதியிருந்தோம். நாம் கடல் கடந்தது துரத்தப்பட்டு. அவள் கடல் கடக்க இருந்தது அழைக்கப்பட்டு. இரண்டும் ஒரே பயணமல்ல என்பதை ஏற்க எமக்குப் பல நாட்கள் சென்றன.

பின்னர் இருவரும் சேர்ந்து புதுக் கணக்குப் போட்டோம். இலண்டன் காசினால் விழுந்தது. அங்குள்ள மாமா "வீட்டிலை நிக்கலாம்" என்று அன்போடு சொன்னார். ஆனால் கட்டணத்துக்குச் சீட்டுக் காசை எடுக்கவேண்டும். டோர்ட்மண்டும் ரொறன்ரோவும் கிட்டத்தட்டச் சமமாக நின்றன. கடிதத்தை மீண்டும் வாசித்தபோது, முதல் வருடத்துக்கே உறுதி, இரண்டாம் வருடம் 'முன்னேற்றத்தைப் பொறுத்து' என்றிருந்தது. மகள் அதைப் பற்றி எழுதிக் கேட்டாள். இரண்டு வருடத்துக்கும் உறுதியென எழுத்தில் பதில் வந்தது. அதன் பிறகுதான் ஆலயத்துக்குச் சென்றோம். பூக்கட்டவில்லை. "தாயே, எங்கள் பயத்தை எடுத்துவிடு" என்று மட்டும் கும்பிட்டோம். திரும்பி வரும்போது தொடருந்தில் துணைவியார், "போட்டு வரட்டும்" என்றார்.

இவ்விடத்தில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அருள் கிடைத்தது என்பதற்காகத் துன்பம் வராது என்று எண்ணலாகாது. இராமானுஜன் 1918இல் வேத்தியல் கழக உறுப்பினரானார். அதே ஆண்டு டிரினிட்டியின் உறுப்பினருமானார். ஆனால் அவர் இறங்கிய சில மாதங்களில் முதலாம் உலகப் போர் மூண்டது. மரக்கறி உணவு மட்டும் உண்பவருக்கு வேண்டிய பொருட்கள் கிடைப்பது அரிதாயிற்று. தானே சமைத்து, நேரம் தவறி உண்டு, குளிரில் வாடி, 1917இல் கடும் நோய்வாய்ப்பட்டார். 1919இல் நாடு திரும்பி 1920 ஏப்ரல் 26இல், 32 வயதில் இறைவனடி சேர்ந்தார். 260 பவுணுக்குக் கணக்கு இருந்தது. அவர் பக்கத்தில் இருந்து "சாப்பிட்டியோ?" என்று கேட்பவருக்கு அந்தக் கணக்கில் நிரல் இல்லை.

எனவே பெற்றோர்களே, பிள்ளைக்கு அழைப்புக் கடிதம் வந்தால் இவற்றைப் பாருங்கள். கட்டணம் முழுவதும் நீக்கப்பட்டதா, ஒரு பகுதியா? மாதப் பணம் எத்தனை வருடம், எந்த நிபந்தனையில்? மருத்துவக் காப்புறுதி யார் கட்டுவது? இங்கேயே படிப்பதானால் 'பாஃபெக்' எனப்படும் அரச உதவி உண்டா? அதில் பாதி நன்கொடை, பாதி வட்டியில்லாக் கடன். திருப்பிக் கட்டவேண்டிய கடனுக்கும் 10,010 யூரோ என்ற மேல்வரம்பு உண்டு. திறமையுள்ள பிள்ளைக்கு மாதம் 300 யூரோ வழங்கும் 'டொய்ச்லண்ட் ஸ்டிபெண்டியம்' 2011 முதல் இருக்கின்றது, விண்ணப்பித்தீர்களா? கடைசியாக, அந்த ஊரில் ஒரு கோயிலும், ஒரு நேரச் சோறு போட ஒரு வீடும் உண்டா? சீட்டு எடுத்தும் வீட்டை அடகு வைத்தும் அனுப்புவதற்கு முன், அது பிள்ளையின் படிப்புக்கா, அல்லது தேர்த் திருவிழாவில் பத்துப் பேரிடம் "எங்கடை பிள்ளை லண்டனிலை" என்று சொல்வதற்கா என்று நெஞ்சைத் தொட்டுக் கேளுங்கள். தாளை எழுதி முடித்ததும் பிள்ளையிடம் கொடுங்கள். எந்த வரி பயத்துக்காக எழுதப்பட்டது என்பதை அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

முடிவாக இராமானுஜனின் கடைசிக் கணக்கையும் சொல்வோம். 1919 ஜனவரியில், நோயுற்றிருந்த நிலையில், சென்னைப் பல்கலைக்கழகம் வருடம் 250 பவுண் தர முன்வந்ததற்கு நன்றி கூறி அவர் கடிதம் எழுதினார். இத்தொகை தமது தேவைக்கு அதிகம் என்றார். தமது செலவும் பெற்றோருக்கு 50 பவுணும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளினதும் அநாதைகளினதும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பாடசாலைகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்துமாறு கேட்டார். ஒரு காலத்தில் புலமைப்பரிசிலை இழந்து தவித்தவரின் வேண்டுகோள் இது. பிறர் உதவியால் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த சைவ ஒழுக்கம் வேறு என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? 

எமது மகள் இப்போது ரொறன்ரோவில் இருக்கின்றாள். ஞாயிறு தோறும் பேசுவாள். சில ஞாயிறுகளில் குரல் சோர்ந்திருக்கும். நாம் செய்தது முற்றிலும் சரியா என்பது இன்னும் தெரியாது. ஒவ்வொரு முறையும் முதலில் "சாப்பிட்டியோ?" என்று கேட்கின்றோம். அவள் சிரித்துக்கொண்டு, "அந்த நிரல் போட்டாச்சு அப்பா" என்கிறாள்.

கணக்கை நாம் ஒழுங்காகப் போடுவோம். பயத்தை அம்பாளிடம் ஒப்படைப்போம். இரண்டையும் மாற்றிச் செய்யாதிருக்க அவள் திருவருள் எம் அனைவருக்கும் துணை நிற்பதாக.

சுபம்.