கபுரின் மேல் பசுமை

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறக்கும் நாட்களில் லால்குடி வட்டாரம் நெல்லும் வாழையுமாகச் செழித்து நிற்கும். மையவாடிகளிலும் மழை தன் வேலையைச் செய்துவிடுகிறது. மண்மேடுகள் அமிழ்கின்றன, மீசான் கற்கள் சாய்கின்றன, புல்லும் முள்ளும் கிளம்புகின்றன. "அத்தாவின் கபுரடியில் ஒரு பூச்செடி வைப்போமா?" என்ற பேச்சு நம் வீடுகளில் எழுவதும் இந்நாட்களில்தான். இப்போது வைத்தால் மண் காயுமுன் வேர் பிடித்துக்கொள்ளும். ஆனால் எதை வைப்பது? யாருக்காக வைப்பது?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரு கபுருகளைக் கடந்து சென்றபோது, அவற்றில் இருப்போர் வேதனை செய்யப்படுவதை அறிந்து, ஒரு பச்சை ஈச்ச மட்டையை இரண்டாகப் பிளந்து இரண்டின் மீதும் நட்டார்கள். அவை உலராதிருக்கும்வரை வேதனை இலேசாக்கப்படலாம் என்று நவின்றார்கள். இதனை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. இது நாயகம் (ஸல்) அவர்களுக்கே உரிய சிறப்பு என்றார்கள் இமாம் கத்தாபி (ரஹ்) போன்றோர். ஷாஃபிஈ, ஹனஃபி மேதைகள் பலர், பசுமையானது தஸ்பீஹ் செய்கிறது என்பதால் நாமும் அவ்வாறு செய்வது நன்றென்றார்கள். மையவாடியின் பச்சைப் புல்லைப் பறிப்பது மக்ரூஹ், காய்ந்ததை அகற்றலாம் என்பதும் ஹனஃபி நூல்களில் உள்ள சட்டமே. எக்கருத்தை ஏற்றாலும் ஒன்று தெளிவு: அங்கே பேசப்பட்டது பசுமை, அலங்காரமன்று.

கார்த்திகை, மார்கழியில் கண்ணுக்கினிய பூக்கள் உண்டு. டிசம்பர் பூ பனியில் மலரும். மரமல்லி வெண்பூக்களைத் தரையெங்கும் உதிர்க்கும். ஆனால் நாம் மவ்த்தானவர்களின் நாளைப் பிறைக் கணக்கில் நினைவுகூர்கிறோம். அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முந்தி வந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் பருவங்கள் அனைத்தையும் சுற்றிவிடுகிறது. பூவோ சூரியக் கணக்கில் பூக்கிறது. இவ்வாண்டு வருஷ ஃபாத்திஹாவன்று பூத்துக் குலுங்கிய செடி, பத்தாண்டு கழித்து அதே நாளில் மொட்டுக்கூட விட்டிராது. ஆகவே ஒரு பருவத்துப் பகட்டைவிட, ஆண்டெல்லாம் பச்சை குன்றாததே மேல்.

மருதாணி கோடையையும் தாங்கும். மலபார் முஸ்லிம்கள் கபுரடியில் இதையே வைப்பார்கள். அரபியில் ரைஹான் எனப்படும் திருநீற்றுப் பச்சை, விதை உதிர்த்துத் தானே மீண்டும் முளைக்கும். கற்றாழை நல்லதெனினும் தண்ணீர் தேங்கினால் அழுகும், மேட்டில்தான் வைக்கவேண்டும். அமிழும் மண்ணைப் பிடித்து நிறுத்த அறுகம்புல் போதும். வேம்பும் புங்கும் வேலி ஓரத்திற்கு உரியவை. அவற்றின் வேர் அடுத்தவர் கபுரையும் துளைக்கும். ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் நட்டவருக்கு அது சதக்கா என்பது நபிமொழி. வேலியோரத்து வேம்பின் பழம் அந்த நன்மையைத் தரும்.

பச்சையெல்லாம் நன்மையா? சீமைக் கருவேலமும் ஆண்டெல்லாம் பச்சைதான். அது பாதையை அடைத்து, ஜியாரத்துக்கு வருவோர் பிறர் கபுரை மிதிக்கும்படிச் செய்கிறது. பாதையில் உள்ள இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. மதீனாவின் பகீஃ மையவாடி 'கர்கத்' என்னும் முட்புதரால் பெயர் பெற்றது. புதர் போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்தது. மழை ஈரத்தில் முட்கன்றைப் பிடுங்குவது எளிது. நம் அத்தாவின் கபுரை மட்டுமன்று, பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் கபுரையும் சேர்த்துத் துப்புரவாக்க வேண்டும். மையவாடி எல்லோருக்கும் உரிய வக்ஃபு நிலம். ஒன்று பூங்காவாகவும் மற்றது முட்காடாகவும் இருந்தால், மண்ணுக்குள் சமமானவர்களை நாம் மண்ணுக்கு மேல் பிரித்தவர்களாவோம்.

சகோதர சகோதரிகளே! அவ்விருவரும் எதற்காக வேதனை செய்யப்பட்டார்கள்? ஒருவர் சிறுநீர்த் துளியிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவில்லை. மற்றவர் கோள் சொல்லித் திரிந்தார். மட்டையை நினைவில் வைத்த நாம், காரணத்தை மறந்துவிடலாகாது. கபுரில் செடி நட்டுவிட்டு, திரும்பும் வழியில் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கோள் மூட்டினால் அந்தப் பசுமையால் நமக்கென்ன பயன்? மவ்த்தானவரின் கடனைத் தீர்ப்போம். அவருக்காக துஆச் செய்வோம். பிறகு செடியும் நடுவோம்.

வல்ல நாயன் நம் முன்னோரின் கபுருகளை ஒளிமயமாக்கி, நம் நாவுகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.