திறமையும் சூதும்

சீட்டாட்டத்தில் வெற்றியைத் தருவது திறமையா, அதிர்ஷ்டமா? இணையவழிப் போக்கர், ரம்மி ஆட்டங்களைச் சட்டம் ஏற்கலாமா என்று இந்தியாவில் நடந்துவரும் விவாதம் இவ்வொரு வினாவையே நெடுங்காலம் சுற்றி வந்தது. 2022இல் தமிழ்நாட்டுச் சட்டசபை இவற்றைத் தடைசெய்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைப் பொதுவில் ஏற்றதாயினும், ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்களே எனக் கூறி, அவற்றைத் தடையினின்றும் விலக்கியது. வயது, நேரம் ஆகியவற்றில் கட்டுப்பாடு விதிக்கும் உரிமையை அரசுக்கு விட்டது. 2025 ஓகஸ்டில் இந்தியப் பாராளுமன்றமோ, திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் யாவற்றையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டத்தின் வினா ஒன்று. அறத்தின் வினா வேறு. போக்கரில் திறமை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. நிகழ்தகவைக் கணிப்பதும் எதிரியின் மனத்தை அளப்பதும் பொறுமை காப்பதும் திறமைகளே. ஆனால் தருமன் நாடிழந்தது அதிர்ஷ்டத்தாலன்று. சகுனி வித்தை அறிந்தவன். திறமை எவ்வளவுக்கு ஆட்டத்தை ஆள்கிறதோ, அவ்வளவுக்குக் கற்றுக்குட்டியின் தோல்வி உறுதியாகிறது. ஆட்டத்தைக் காக்க எழுந்த வாதமே அதன்மீது குற்றச்சாட்டாகிறது. மேலும், இவ்வாட்டத்தில் செல்வம் எதுவும் உற்பத்தியாவதில்லை. ஒருவன் வெல்வது மற்றொருவன் இழந்ததையே. பந்தயப் பணத்தில் ஒரு பங்கைக் கம்பனி எடுத்துக்கொள்வதால், ஆடுவோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் என்றும் நட்டமே.

மறுதரப்பின் வாதத்தையும் நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. தடை ஆட்டத்தை ஒழிப்பதில்லை, இருளுக்குள் தள்ளுகிறது என்கின்றனர் அவர்கள். 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு பெரிய போக்கர்த் தளங்களை முடக்கியபோது, அவற்றுள் ஒன்றிடம் ஆடுவோரின் வைப்புப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போதிய நிதி இல்லை என்பது அம்பலமாயிற்று. 2013இல் நெவாடா, டெலவெயர், நியூ ஜேர்சி மாநிலங்களில் உரிமம் பெற்ற ஆட்டம் தொடங்கியது. கண்காணிப்பு இல்லாத இடத்தில் ஏமாற்று தழைக்கும் என்பது உண்மையே.

எனினும், கண்காணிக்கும் அரசு யாருடைய அரசு என்பதும் கேட்கப்பட வேண்டும். 2023 ஒக்டோபரிலிருந்து இந்திய அரசு, ஆடுவோர் கட்டும் முழுத் தொகைமீதும் 28 வீத வரி விதித்தது. மக்களின் இழப்பு அரசின் வருமானமாகும்போது, காவற்காரன் பங்காளியாகிவிடுகிறான்.

‘விரும்பி ஆடுபவனை ஏன் தடுக்கவேண்டும்?’ என்பர் சிலர். கடன்பட்ட கூலித்தொழிலாளியும் கணக்கில் தேர்ந்த ஆட்டக்காரனும் ஒரே மேசையில் அமர்வதைச் சுதந்திரம் என்று எவ்வாறு அழைப்பது? பட்டினி கிடப்பவனின் விருப்பத்தில் பட்டினிக்கும் பங்குண்டு.

ஆகவே, தண்டனை ஆட்டத்தை நடத்தி இலாபம் பெறுவோர்மீதே விழவேண்டும், ஆடி இழந்தவன்மீதன்று. 2025ஆம் ஆண்டுச் சட்டம் ஆடுபவனைத் தண்டியாமல் விட்டது சரியே. ஆயினும் தடையோடு கடமை தீர்ந்துவிடாது. ஆயுள் முழுதும் உழைத்துப் பெறமுடியாததை ஓர் இரவில் பெறலாம் என்று ஒருவன் நம்புகிறானெனில், உழைப்பின்மீது அவனுக்கிருந்த நம்பிக்கையை அழித்தது எது? அந்த வினாவை வகுப்பறைகளில் எழுப்புவது ஆசிரியர்களாகிய நமது பணி. அதற்கு விடை காணாத சமுதாயத்தில் ஒரு சூது மூடப்பட்டால் மற்றொன்று திறக்கும்.