கொண்டு வந்தவர் பெயர்

கலிபோர்னியாவில் 1848 ஜனவரியில் தங்கம் கிடைத்தது. செய்தி பரவி, அடுத்த ஆண்டே ஊர் ஊராக ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஆற்றோரம் கூடாரம் போட்டு மண்ணை அரித்தவர்களுக்கு வீட்டுக் கடிதம் சான்பிரான்சிஸ்கோ தபால் நிலையம் வரைதான் வரும். கப்பல் வந்த நாளில் தபால் நிலைய வாசலில் நிற்கும் வரிசையில் இடம் பிடித்து, அந்த இடத்தை விற்றே காசு பார்த்தவர்கள் இருந்தார்கள். சுரங்க வேலையை விட்டு வர முடியாதவர்களுக்காக அலெக்சாண்டர் டாட் என்பவர் 1849இல் ஒரு தொழில் தொடங்கினார். கூடாரம் கூடாரமாகப் போய்ப் பெயர்களை எழுதிக்கொள்வார். நகரத்துக்குப் போய், அந்தப் பெயர்களுக்கு வந்திருக்கும் கடிதங்களை வாங்கி வந்து கொடுப்பார். ஒரு கடிதத்துக்கு ஓர் அவுன்ஸ் பொன்தூள் வரை கூலி வாங்கியதாகச் சொல்கிறார்கள்.

அவரைப் பார்த்து இன்னும் பலர் இறங்கினார்கள். 1852இல் வெல்ஸ் ஃபார்கோ வந்தது, சின்ன கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுக்கொண்டு 1895 வரை கடிதம் சுமந்தது. தனியார் கொண்டுபோனாலும் அரசுக்குச் சேர வேண்டிய தபால் கட்டணம் சேர்ந்தாக வேண்டும் என்பது விதி. அதனால் அரசு முத்திரை அச்சிட்ட உறையையே வாங்கி, அதன் மேல் தங்கள் பெயரையும் அச்சடித்து விற்றார்கள். அந்த உறைகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது தூக்கி வந்தது யார் என்பதை. சில மாதமே நடந்து மூடிப்போன ஒரு கம்பெனியின் முத்திரை என்றால் விலை எங்கோ போகும். உள்ளே கடிதம் இருக்கிறதா என்பது அதற்கு அப்புறம்தான்.

இதில் எனக்குப் பிடித்ததே அந்த மரியாதைதான். எழுதியவனையும் பெற்றவனையும் உலகம் எப்படியும் நினைத்துக்கொள்ளும். நடுவில் கோவேறு கழுதையை ஓட்டிக்கொண்டு, பனியிலும் சேற்றிலும் கடிதப் பையோடு போனவனை நினைக்க யாராவது ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் சேகரிப்பவர் செய்கிறார்.

தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு நான் இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கோலாருக்குப் போய்விடும். நம் பக்கத்துத் தங்கம் அதுதான். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் ஜில்லாவிலிருந்தும் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாதான், தனி மாவட்டம் ஆனது 1965இல். மொரப்பூரில் ரயிலேறி, ஜோலார்பேட்டை வழியாகப் பங்காருப்பேட்டையில் வண்டி மாறினால் மாரிக்குப்பம். ஊரில் மழை பொய்த்த வருடமெல்லாம் அந்த வண்டியில் நம் ஆட்கள் இருந்திருப்பார்கள்.

அங்கே தபால் நிலையங்கள் இருந்தன. ஊரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் என்று முத்திரை விழுந்த பழைய கார்டுகள் இன்றும் சேகரிப்பாளர்கள் கைக்கு வருகின்றன. பணமும் மணியார்டரில் வந்தது. 1880 முதல் தபால் நிலையத்திலேயே அந்த வசதி உண்டு. ஆனால் வீட்டுச் சங்கதிகளில் பெரும் பங்கு தபாலில் வரவில்லை, ஆள் மூலமாகத்தான் வந்தது. பொங்கலுக்கு ஊர் திரும்புகிறவர், பெண் பார்க்கப் போகிறவர், பிற்காலத்தில் கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் ஓடிய பஸ்ஸின் கண்டக்டர், வெல்லம் ஏற்றிப்போன லாரியின் டிரைவர், இவர்கள்தான் எங்கள் டாட்கள். பணத்துக்குச் சர்க்காரை நம்பினார்கள், பேச்சுக்கு ஆளை நம்பினார்கள்.

இதற்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது. இந்தியாவில் கடிதம் கொண்டுபோகும் உரிமை சர்க்காருக்கு மட்டுமே என்று 1837இல் கிழக்கிந்தியக் கம்பெனி சட்டம் போட்டது. வணிகர்கள் தங்களுக்குள் நடத்திவந்த ஓட்டக்காரர் தபால்கள் அதோடு சட்டத்துக்குப் புறம்பாயின. 1898ஆம் வருடச் சட்டமும் அந்த ஏகபோகத்தை விடவில்லை. ஆனால் ஒரு விலக்கு வைத்தது: தன் வழியில் பயணம் போகும் நண்பர், கூலியோ ஆதாயமோ இல்லாமல் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அந்த விலக்கை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் இளகுகிறது. கூலி வாங்கினால் குற்றம், நட்புக்குச் செய்தால் குற்றமில்லை. கோலாருக்கும் காரிமங்கலத்துக்கும் இடையே ஓடிய தபால் முழுக்க அந்த ஒரு வரியின் நிழலில் ஓடியது. கூலி இல்லாததால் ரசீது இல்லை, ரசீது இல்லாததால் முத்திரை இல்லை. கலிபோர்னியாவில் பொன்தூள் வாங்கியவனின் பெயர் உறையில் நிற்கிறது. இங்கே சும்மா கொண்டு வந்து கொடுத்தவரின் பெயர் எங்கும் இல்லை.

என் பெரியப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் ஆள் மூலம் அனுப்பிய ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாள், நான்காக மடித்தது. ஓரத்தில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய தடம் மஞ்சளாக இறுகியிருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி. காப்பி பென்சிலில் எழுதியதால் ஈரம் பட்ட இடம் ஊதாவாகப் பரவியிருக்கிறது. முகவரி என்று பார்த்தால் ஊர்ப் பெயர், தாத்தா பெயர், 'மாரியம்மன் கோயில் பின்னால் வீடு', அவ்வளவுதான். தாளின் நடுவில் ஒரு ஓட்டை. அந்தக் கால வீடுகளில் விட்டத்திலிருந்து ஒரு வளைந்த கம்பி தொங்கும், வந்த கடிதம், கிஸ்து ரசீது எல்லாவற்றையும் அதில்தான் குத்தி வைப்பார்கள். பழைய கடிதம் வாங்கி விற்கும் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, ஓட்டை இல்லாவிட்டால் நல்ல விலை போகும் என்றார். எனக்கோ அந்த ஓட்டைதான் முக்கியம். இந்தக் கடிதம் வந்து சேர்ந்தது, படிக்கப்பட்டது, வேண்டும் என்று வைத்துக்கொள்ளப்பட்டது என்பதற்கு வேறு என்ன முத்திரை வேண்டும்?

இந்த மண்ணிலிருந்து எழுதப்பட்ட கடிதங்களில் பேர்போனவை தாமஸ் மன்றோவுடையவை. 1792இல் இந்தப் பகுதியான பாராமகால், கிழக்கிந்தியக் கம்பெனி வசம் வந்ததும், அலெக்சாண்டர் ரீடுக்குத் துணையாக நிலத்தை அளந்து தீர்வை போட வந்த இளம் ராணுவ அதிகாரி அவர். ஏழாண்டுகள் இங்கே இருந்தார். அப்போது ஸ்காட்லாந்தில் இருந்த தன் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்கள் கடல் கடந்து போய்ச் சேர்ந்தன. வீட்டில் பத்திரமாக இருந்தன. அவர் இறந்த சில ஆண்டுகளில், 1830இல், அச்சேறின. அதே காலத்தில் அவர் அளந்த நிலத்தில் நின்றுகொண்டிருந்த குடியானவன் தன் மகளுக்கு யார் மூலம் என்ன சொல்லி அனுப்பினான் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. மன்றோவின் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. இந்த மக்களைக் கவனித்துப் பார்த்தவர் அவர். ஆனால் காகிதம் தங்கிய இடத்தில் மட்டும் வரலாறு தங்கும் என்று விட்டுவிட்டால், நம் பாட்டன்மார்கள் வாழவே இல்லை என்றாகிவிடும்.

காகிதம் இருந்த வீடுகளிலும் எல்லாம் தங்கவில்லை. மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதம் கம்பியில் ஏறும். சாவுச் செய்தி வந்தால் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள்ளேயே கொண்டுபோக மாட்டார்கள். சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தச் செய்தியைச் சுமந்து வந்த கடிதம் ஒன்றுகூட நான் தேடிய வீடுகளில் இல்லை. கம்பியை மட்டும் பார்க்கிறவருக்குக் கோலாரில் எல்லோரும் நலமாக இருந்ததாகத் தோன்றும்.

அடுத்தவர் வீட்டுக் கடிதத்தை நான் படிக்கலாமா என்ற கேள்வியும் என்னை விடவில்லை. எழுத்து தெரியாத வீட்டில் கடிதம் வந்தால் வாத்தியாரையோ, பள்ளிக்கூடம் போகும் பையனையோ கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள், தெருவே கேட்கும். அதனால் என்ன என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. தெருவில் கேட்டவர்கள் நல்லது கெட்டதுக்கு வந்து நின்றவர்கள். நான் அப்படி நிற்காதவன். அதனால் வீட்டார் உட்கார்ந்து, படி என்று சொன்னால்தான் படிக்கிறேன். பழைய பேப்பர் கடையில் கட்டாகக் கிடைக்கும் குடும்பக் கடிதங்களை வாங்குவதில்லை. சேகரிக்கும் நண்பர்களுக்கு இதில் என் மேல் வருத்தம் உண்டு. நான் விட்டது பேப்பர் மில்லுக்குப் போய் அழிந்துவிடுமே என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் யாருடையது என்றே தெரியாத ஒரு தாயின் கண்ணீரை ஆல்பத்தில் செருகி வைக்க எனக்குக் கை வரவில்லை.

அதற்குப் பதில் நான் செய்வது, கேட்டு எழுதிக்கொள்வது. யார் கொண்டு வந்து கொடுத்தார், எந்த வண்டி, எந்த ஊர்க்காரர், கையில் வேறு என்ன வைத்திருந்தார். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பாட்டி, "கடுதாசி எல்லாம் கரையான் தின்னுடுச்சு தம்பி. ஆனா கொண்டாந்த ஆளு பேரு நெனப்பு இருக்குது" என்று சொல்லி, அவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தார், மோர் குடித்தாரா, பதில் எழுதி முடிக்கும் வரை எப்படிக் காத்திருந்தார் என்பது வரை சொன்னார். அதை ஓர் அட்டையில் எழுதி, தேதி போட்டு, படித்துக் காட்டி, அவர் விரல் ரேகையை வாங்கி என் சேகரிப்பில் வைத்திருக்கிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் நான் மதிப்பு வைப்பேன்.

2023இல் புதிய அஞ்சலகச் சட்டம் வந்தது, மறு வருடம் ஜூனில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. கடிதம் சுமக்கும் ஏகபோகம் அதில் இல்லை. இத்தனை காலம் கூரியர் கம்பெனிகள் கடிதத்தை 'டாகுமெண்ட்' என்று எழுதிக்கொண்டுபோக வேண்டியிருந்த நிலையும் முடிந்தது. ஏகபோகம் போனதும் வழியில் போகும் நண்பருக்கான அந்த விலக்குக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. அப்படிக் கடிதம் கொண்டுபோனவர்களில் உயிரோடு இருப்பவர்கள் வெகு சிலர். கிருஷ்ணகிரி ரூட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் காரிமங்கலத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். எண்பது தாண்டியவராம், நினைவு நன்றாக இருக்கிறதாம். இந்த வாரமே போய்ப் பார்த்துவிட வேண்டும்.