இரண்டாம் முறை கொடுப்பது நியாயமா?

வியாபாரத்தில் பழகிப்போன நமக்குக் கொடுக்கல் வாங்கல் கணக்கே எல்லா நியாயத்துக்கும் அளவுகோலாகத் தோன்றுவது இயற்கை. ஒருவனுக்கு ஒரு முறை கைகொடுத்துத் தூக்கிவிட்டோம். அவனே மறுபடியும் வந்து நின்றால், "உனக்குத்தான் கொடுத்தாயிற்றே, இனி அடுத்தவனுக்கும் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்கிறோம். கேட்பதில் குற்றமில்லை. ஆனால் எல்லா இடத்துக்கும் இக்கேள்வி பொருந்துமா என்பதை நாம் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும்.

விஷயத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுவோம். வர்த்தகப் படிப்பில் பட்டம் பெற்ற ஒரு பெண்பிள்ளை, ஆபீசில் நாலைந்து வருஷம் உத்தியோகம் பார்த்த பிறகு, தாதியாக வேண்டும் என்று விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அல்லது பொறியியல் படித்த ஒரு வாலிபன், கைகால் முடங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடமாட வைக்கும் இயன் மருத்துவத் தொழிலுக்குப் போக ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். இவர்களுடைய முதல் படிப்புக்கு அரசாங்கம் பணம் கொடுத்திருக்கிறது. இரண்டாவது படிப்புக்கும் பொதுப்பணத்தை எதிர்பார்ப்பது நியாயமா? கொடுப்பது முறையா? இதுவே கேள்வி.

சிங்கப்பூரில் 1980 ஆம் ஆண்டு முதல் கல்விக் கட்டண மானியம் என்ற ஏற்பாடு நடந்து வருகிறது. மேற்படிப்புக்கு ஆகும் உண்மையான செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொண்டு, மிச்சத்தை மட்டும் மாணவரிடம் வாங்குவதே இதன் சாரம். ஆனால் இதற்கு ஒரு பொது விதி உண்டு. அரசாங்க மானியத்தில் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றுவிட்டவர், மறுபடியும் ஒரு பட்டப் படிப்பில் சேர்ந்தால், அந்த மானியத்துக்கு உரியவர் ஆகமாட்டார். முழுக் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டும். அது மானியக் கட்டணத்தைவிடப் பன்மடங்கு அதிகம்.

இந்த விதியைக் கொடுமை என்று நாம் சொல்ல மாட்டோம். பொதுப்பணம் என்பது ஓர் அமானத்து. வரி கட்டுகிறவர்களில், குடும்பத்தில் ஒரு பட்டதாரியைக்கூடக் கண்டிராதவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் இரண்டு தடவை சாப்பிட்டுக் கைகழுவ, மற்றொருவர் பந்தியில் உட்கார இடமின்றி நிற்பதை எந்த மனசாட்சியும் ஒப்புக்கொள்ளாது. முதல் முறை வருகிறவனுக்கே முதல் உரிமை என்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபமும் கிடையாது.

ஆனால் இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். நம்முடைய கடைகளிலிருந்து பணம் இரண்டு விதமாக வெளியே போகிறது. ஒன்று உதவி, மற்றொன்று கொள்முதல். ஏழை ஒருவர் மகளின் கலியாணச் செலவுக்கென்று வந்து கேட்டால் கொடுக்கிறோமே, அது உதவி. அதைக் கொடுக்கும்போது, இவர் முன்பு வாங்கியவரா, வாங்காதவரா என்று பார்ப்பது நியாயந்தான். ஏனென்றால் அந்தப் பணம் வாங்குகிறவருக்காகவே கொடுக்கப்படுகிறது. கொள்முதல் அப்படியல்ல. கடைக்கு அரிசி வேண்டும் என்றால், "போன மாதம் இந்த வியாபாரியிடம் வாங்கியாயிற்று, ஆகையால் இந்த மாதம் வேண்டாம்" என்று நம்மில் எவரும் சொல்வதில்லை. சரக்கு தேவையா, தரமானதா, விலை தகுமா என்ற மூன்றையுமே பார்க்கிறோம். அந்தப் பணம் விற்கிறவருக்காகக் கொடுக்கப்படுவதன்று. நாளைக்கு நம் கடை வாசலில் பையோடு வந்து நிற்கப்போகும் வாடிக்கைக்காரருக்காகக் கொடுக்கப்படுவது.

தாதியின் படிப்புக்குக் கொடுக்கும் பணம் இவ்விரண்டில் எந்த வகை? படிக்கிறவளுக்கு அதனால் பலன் இருப்பதால், உதவி என்ற அம்சமும் அதில் உண்டு. ஆயினும் பெரும்பகுதி கொள்முதலே. 2030 ஆம் ஆண்டுவாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராக இருப்பார் என்று அரசாங்கமே கணக்குச் சொல்லியிருக்கிறது. அத்தனை முதியவர்களுக்கும் மருந்து கொடுக்க, புண்ணைக் கழுவ, படுக்கையில் புரட்டிப் படுக்க வைக்கக் கைகள் வேண்டும். அந்தக் கை முதல் பட்டக்காரியின் கையா, இரண்டாம் பட்டக்காரியின் கையா என்று படுத்திருக்கிறவர் கேட்கப்போவதில்லை. தாதியின் படிப்புக்குப் பணம் கொடுக்கும்போது நாம் நோயாளிக்கே கொடுக்கிறோம். அது மாணவியின் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

இது புது நியாயமல்ல. இந்தத் தீவின் வியாபாரிகள் நூறு வருஷத்துக்கு முன்பே உணர்ந்திருந்த நியாயம். 1904 இல் தான் ஜியாக் கிம் என்ற வர்த்தகரின் தலைமையில், சீனரும் ஐரோப்பியரல்லாத ஏனைய சமூகத்தாரும், இங்கே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று கவர்னருக்கு மனுக் கொடுத்தனர். பொதுமக்கள் 71,000 வெள்ளி சேர்த்துக் கொடுத்தால் பள்ளியை நடத்தத் தயார் என்றது சர்க்கார். சேர்ந்ததோ 87,077 வெள்ளி. அதில் 12,000 வெள்ளியைத் தான் ஜியாக் கிம் ஒருவரே கொடுத்தார். 1905 இல் சிப்பாய் லைன்ஸ் பகுதியில், முன்பு பெண் மனநோயாளிகளுக்கான விடுதியாக இருந்த கட்டடத்தில் பள்ளி தொடங்கிற்று. பணம் கொடுத்த அந்த வியாபாரிகளில் பெரும்பாலோருக்கு அதில் படிக்கப்போகும் பையன்கள் யாரென்றே தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஊரில் வைத்தியர் போதாமல் ஜனங்கள் அவதிப்படுகிறார்கள் என்பது ஒன்றே.

வேறொரு நாட்டின் அனுபவத்தையும் பார்ப்போம். "ஒரு முறைதான்" என்ற விதியை மிகக் கண்டிப்பாக அனுசரித்துப் பார்த்த நாடு இங்கிலாந்து. ஏற்கெனவே பெற்ற பட்டத்துக்குச் சமமான, அல்லது அதற்குக் கீழான படிப்புக்குப் பொதுப்பணம் இனிக் கிடையாது என்று 2007 இல் அங்கே அறிவித்து, 2008 முதல் அமல் நடத்தினார்கள். அதில் மிச்சமாகும் சுமார் 10 கோடி பவுனை முதல் முறை படிக்க வருகிறவர்களுக்குத் திருப்புவதாகச் சொன்னார்கள். அச்சமயம் தாதியர் படிப்புக்கான கட்டணத்தைத் தேசிய சுகாதாரச் சேவை தனியே கொடுத்து வந்தபடியால், அந்தத் தடை அவர்களைத் தொடவில்லை. 2017 ஆகஸ்டில் அந்த உபகாரச் சம்பளம் புதிய மாணவர்களுக்கு நிறுத்தப்பட்டு, எல்லோரும் கல்விக் கடன் வாங்கிப் படிக்க வேண்டும் என்று ஆயிற்று. அப்பொழுதுதான் சிக்கல் புரிந்தது. "ஒரு முறைதான்" என்ற விதியை இங்கேயும் அப்படியே வைத்தால், பட்டதாரிகள் எவரும் தாதியாக வர முடியாது. ஆகையால் தாதியர், மருத்துவச்சி, இயன் மருத்துவம் முதலிய படிப்புகளுக்கு மட்டும் இரண்டாம் பட்டத்துக்கும் கடன் உண்டு என்று விலக்கு அளித்தார்கள். 2020 இலிருந்து, திருப்பிக் கொடுக்க வேண்டாத உதவியாக வருஷத்துக்கு 5,000 பவுனும் அவர்களுக்குக் கொடுக்கலானார்கள்.

டாக்டர் படிப்புக்கு அங்கே கை இத்தனை தாராளமில்லை. பட்டதாரிகளுக்கென்றே உள்ள 4 வருஷப் படிப்பில் சேர்ந்தால், முதல் வருஷக் கட்டணத்தில் 3,465 பவுனைச் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும்; மிச்சத்துக்குக் கடன் உண்டு. சாதாரண 5 வருஷப் படிப்பில் சேரும் பட்டதாரிக்கோ முதல் 4 வருஷங்களுக்குக் கட்டணக் கடனே கிடையாது. எங்கே ஆள் கிடைப்பது அரிதோ அங்கே வாசலை அகலத் திறப்பதும், எங்கே கூட்டம் நெருக்குகிறதோ அங்கே பாதிக் கதவைச் சாத்துவதும் கொள்முதல் செய்கிறவனின் விவேகந்தான்.

சிங்கப்பூரிலும் பொது விதிக்கு விலக்குகள் உண்டு. வேறு தொழிலிலிருந்து தாதியர் தொழிலுக்கு வர விரும்புகிறவர்களுக்குத் தொழில் மாற்றுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. படிப்புச் செலவும் கிடைக்கிறது. படிக்கும் காலத்தில் மாதப் படியும் கிடைக்கிறது. முடித்தபின் இத்தனை வருஷம் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். 2007 இல் முதல் மாணவர்களைச் சேர்த்த டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளி, பட்டம் பெற்றவர்களுக்கென்றே ஏற்பட்டது. அங்கும் மானியம் உண்டு. பதிலுக்குச் சேவை ஒப்பந்தமும் உண்டு. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள், முன்பு மானியத்தில் படித்திருந்தாலும், 2025 ஆம் கல்வியாண்டு முதல் மற்றொரு முழுநேர டிப்ளமோவை மானியத்தோடு படிக்கலாம்.

இவற்றில் நாம் பாராட்டுவது தாராளத்தை அல்ல. பெட்டியைப் பிரித்து வைத்த முறையை. முதல் பட்டம் தேடி வருகிறவனுக்கான கல்வி மானியம் ஒரு பெட்டி. மருத்துவமனைக்கு ஆள் தேடுவதற்கான பணம் வேறொரு பெட்டி. இரண்டாம் முறை வருகிறவருக்கு இரண்டாவது பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால், முதல் பெட்டிக்காகக் காத்திருக்கும் ஏழைப் பிள்ளையின் பங்கில் ஒரு காசும் குறைவதில்லை. இரண்டையும் ஒரே கல்லாப் பெட்டியில் போட்டுக் கலக்கும்போதுதான், "அவனுக்கா, இவனுக்கா?" என்ற சண்டை பிறக்கிறது.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, பணத்தைப் பிரித்தாலும் இடத்தைப் பிரிக்க முடியுமா என்பது. இது நல்ல கேள்வி. தாதியர் படிப்பு வெறும் ஏட்டுப் படிப்பன்று. வார்டில் மூத்த தாதியின் பக்கத்தில் நின்று பழக வேண்டும். ஒரு வார்டில் இத்தனை பேருக்குத்தான் கற்றுக் கொடுக்க முடியும் என்ற எல்லையைப் பணத்தால் தாண்ட முடியாது. ஆகையால் இடம் ஒன்றே இருந்து, தகுதியில் சமமான இருவர் நின்றால், முதல் முறை வந்தவருக்கே அதைக் கொடுக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஆனால் இடம் காலியாகக் கிடக்கும்போதும், "நீ முன்பே வாங்கியவள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அதனால் எந்த ஏழைக்கும் ஒரு பயனும் இல்லை. நோயாளிக்கு மட்டுமே நஷ்டம்.

இரண்டாவது, முதல் படிப்புக்குக் கொடுத்த பணம் வீண்தானே என்பது. போன பணம் போனதுதான். அது முழுவதும் வீண் என்பதற்கில்லை. கணக்குப் படித்தவள் மருந்தின் அளவைத் தப்பின்றிக் கணக்கிடுவாள். ஆபீசில் பலரோடு பழகியவள் நோயாளியின் கோபத்தைப் பொறுத்துப்போவாள். தவிரவும், விற்காத சரக்கை முதல் போட்டோம் என்பதற்காகவே கடையில் அடுக்கி வைத்துக்கொண்டு, விற்கக்கூடிய சரக்கை வாங்க மறுக்கிற வியாபாரியை நாம் புத்திசாலி என்று சொல்வதில்லை.

மூன்றாவதுதான் நமக்கும் கொஞ்சம் உறுத்துவது. மனிதன் அரிசி மூட்டையல்லவே; பணத்தைக் கொடுத்து, ஒப்பந்தத்தால் கட்டி வைப்பது தகுமா? சிங்கப்பூரில் மானியத்தோடு சாதாரண டாக்டர் படிப்பில் சேரும் குடிமக்கள் 5 வருஷமும், மற்றவர்கள் 6 வருஷமும் சேவை செய்யக் கடமைப்பட்டவர்கள். பதினெட்டு வயதில் கையெழுத்திடுவதற்கும், வீட்டுக் கடனும் குழந்தைகளும் உள்ள முப்பத்தைந்து வயதில் கையெழுத்திடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பாரம் தாங்காமல் இடையில் விட்டுவிட்டால், பெற்றதைத் திருப்பிக் கட்ட வேண்டிய கஷ்டமும் உண்டு. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

என்றாலும் ஒப்பந்தம் என்பது, வாங்கினதற்கு ஈடாக நாம் எதைத் தரப்போகிறோம் என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்வதுதான். அது தெளிவாகவும், தாங்கக்கூடியதாகவும், நோய் நொடி வந்தால் இளக்கம் காட்டுவதாகவும் இருந்தால், அதில் அவமானம் ஒன்றுமில்லை. காலத்தைக் கட்டலாமே தவிர மனத்தைக் கட்ட முடியாது என்பது அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது. ஆகையினால்தான் 2024 இல், தொழிலில் நீடித்திருக்கும் தாதியருக்கு 20 வருஷங்களில் 100,000 வெள்ளி வரை கிடைக்கும்படி ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். கட்டி வைப்பதைவிட, இருப்பவரை மதித்து வைப்பது மேல் அல்லவா?

இனி நம் பக்கத்துக்கு வருவோம். நம்மில் பலர் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். சிலர், ஊரார் பிள்ளைகளுக்கும் ஓசைப்படாமல் கட்டணம் கட்டி வருகிறோம். பட்டம் பெற்ற மகள், "அத்தா, நான் தாதியாகப் படிக்கப் போகிறேன்" என்று வந்து நின்றால், "இதற்கா அத்தனை செலவழித்துப் படிக்க வைத்தேன்!" என்ற சொல் நம் வாயில் வந்துவிடுகிறது. அந்தச் சொல்லுக்குள், படிப்பு என்பது அவளுக்கும் நமக்கும் மட்டுமே சொந்தம் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. நாளை நாம் படுக்கையில் விழுந்தால், நம்மைத் தொட்டுத் தூக்கப்போகிறவள் வேறொரு வீட்டின் மகள். அவளைப் படிக்க வைத்தவரும் இப்படியே சொல்லித் தடுத்திருந்தால் நம் கதி என்ன?

கொடுப்பதற்கு முன் விசாரிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நன்றாக விசாரிக்கத்தான் வேண்டும். படிக்கப்போகும் தொழிலுக்கு ஜனங்களிடம் தேவை இருக்கிறதா? முதல் முறை வந்து நிற்கும் ஏழைப் பிள்ளைக்குரிய பங்கை ஒதுக்கியாயிற்றா? வந்திருப்பவர் ஒரு மாதமாவது மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ உடனிருந்து, அந்த வேலையின் நாற்றத்தையும் இரவு விழிப்பையும் அறிந்துதான் கேட்கிறாரா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் கிடைத்தால், "முன்பே வாங்கினாயே" என்ற நாலாவது கேள்வி தேவையில்லை. ஏனெனில் அப்பொழுது நம் முன்னே கை நீட்டி நிற்பது அந்தப் பட்டதாரி அல்ல. அவருக்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாமல் படுத்திருக்கும் நோயாளி. அவருக்கு நாம் இன்னும் ஒரு முறைகூடக் கொடுக்கவில்லை.