பிரம்பும் வெறுங்கையும்

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் தடிச்சண்டை பழகப் போகிறேன் என்றால் ஊரார் சிரிப்பார்கள். வீட்டார் சிரிக்கவும் மாட்டார்கள். உத்தியோக நிமித்தமாகப் பிலிப்பைன்ஸ் தேசத்துச் செபு நகரத்தில் நான் தங்கியிருந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, பூங்கா ஒன்றின் மரநிழலில் இரண்டு வாலிபர்கள் கைக்கு ஒன்றாக ஆளுக்கு இரண்டு பிரம்பு பிடித்து, ஒருவர் பிரம்பில் மற்றவர் பிரம்பு மாறி மாறி விழும்படி அடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன் என்பதைவிடக் கேட்டேன் என்பதே பொருந்தும். ஏனெனில், கைத்தறி ஓடுகிற தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்தச் சத்தம் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பழக்கமானதாக இருந்தது. அந்த ஆட்டத்துக்குச் சினாவாலி என்று பெயரென்றும், மூங்கிற் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அந்நாட்டார் வீட்டுச் சுவருக்கு வைக்கும் சவாலி என்னும் தட்டியிலிருந்து அப்பெயர் வந்ததென்றும் பின்னால் தெரிந்துகொண்டேன். காது சொன்னது தப்பில்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

பிரம்பு என்றால் என் தலைமுறைக்கு வாத்தியார் மேஜைமேல் இருந்த வஸ்து. அதன் நுனியை நாங்கள் உள்ளங்கையால் அறிவோமே தவிர, அதன் பிடியை அறிந்தவர்கள் அல்லர். சிலம்பம் எங்கள் பக்கத்திலும் இருந்தது; திருவிழாவில் வேடிக்கை பார்த்ததோடு சரி. சொந்த ஊரில் எட்டிப் பாராத வித்தையின் தங்கையை அயலூரில் போய்த் தேடுவது மனித சுபாவத்தின் கோணல்களில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, எனக்கு ஏற்ற ஒரு வகுப்பைக் கண்டுபிடிக்கும் பிரயாசையில் இறங்கினேன்.

பிரயாசை என்று சொன்னது வெறும் வார்த்தை அலங்காரமன்று. கலைக்குப் பெயர் என்ன என்பதிலேயே வழக்கு இருக்கிறது. செபுவில் எஸ்க்ரிமா என்பார்கள்; அது வாள்வித்தையைக் குறிக்கும் ஸ்பானிய வார்த்தையின் திரிபு. மணிலாவில் ஆர்னிஸ் என்பார்கள். அதுவும் கவசத்தைக் குறிக்கும் ஸ்பானிய வார்த்தையிலிருந்து வந்ததே. காளி என்ற பெயர் அமெரிக்காவில்தான் அதிகமாகப் புழங்குகிறது. 2009-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று ஆர்னிஸ் என்ற பெயரால் இதைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் பிரகடனம் செய்துவிட்டது. செபுக்காரர்களோ சட்டத்துக்கு மரியாதை செலுத்திவிட்டு எஸ்க்ரிமா என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழமையைப் பற்றிக் கேட்டால், யாரும் கையை நீட்டி எதிரே கடலுக்கப்பால் தெரியும் மக்தான் தீவைக் காட்டுவார்கள். 1521 ஏப்ரல் 27-ஆம் தேதி ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி வந்த மெகல்லன், அத்தீவின் தலைவன் லாப்பு லாப்புவின் ஆட்களால் கொல்லப்பட்ட இடம் அது. கூடவே இருந்து பார்த்த பிகாஃபெட்டா எழுதி வைத்த விவரத்தில் மூங்கில் ஈட்டி இருக்கிறது, மெகல்லனின் காலை வெட்டிய பெருங்கத்தி இருக்கிறது. எந்த வித்தையின் பெயரும் இல்லை. ஆயினும் நான் விசாரித்த ஆசிரியர்களில் இருவர், தங்கள் முறையே அன்றைக்கு அந்தக் கரையில் பிரயோகிக்கப்பட்டதென்று சற்றும் சங்கோசமின்றிச் சொன்னார்கள். வித்தை எந்த நாட்டதானாலும் பரம்பரைப் பெருமை பேசுவதில் குருமார்கள் ஒரே ஜாதிதான்.

குரு என்று நான் எழுதுவதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பிலிப்பினோ மொழியில் ஆசிரியருக்குப் பெயரே குரோ. நம் சம்ஸ்கிருத வார்த்தைதான், எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் கடல் தாண்டிப் போய்க் கடைசி உயிரை மட்டும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

செபுவில் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை, சமாதானத்துக்குத்தான் பஞ்சம். 1932-இல் இந்நகரத்து வித்வான்கள் கூடி, சார்லமேன் சக்கரவர்த்தியின் பன்னிரு வீரர்களை நினைவுறுத்தும் தோசே பாரெஸ் என்ற பெயரில் ஒரு கழகத்தை நிறுவினார்கள். அதில் இருந்த வெனான்சியோ பாக்கோன் என்ற சிறிய உருவமுள்ள மனிதர், அபிப்பிராய பேதத்தால் பிரிந்து, 1952-இல் பலின்தவாக் என்ற குறுகிய தெருவில், சிஷ்யர் ஒருவருடைய கடிகாரப் பழுதுக் கடையின் பின்கட்டில் தம்முடைய வகுப்பைத் தொடங்க, தெருவின் பெயரே முறையின் பெயராயிற்று. இரு தரப்பாரும் பின்னர் பல வருஷம் ஒருவரையொருவர் சொல்லாலும் சில சமயம் தடியாலும் பரீட்சித்துக்கொண்டார்கள். இந்தக் கிளைகளிலிருந்து கிளைத்தவை எத்தனையோ. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து, மரமே தம்மிடந்தான் இருக்கிறதென்கிறார்.

இவ்விடத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அது தடிச்சண்டையோடு நிற்கிற கேள்வியன்று. நல்ல ஆசிரியர் இன்னாரென்று அறிகிற விவேகம் அந்த வித்தையை ஓரளவேனும் கற்றவனுக்கே உண்டு. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமோ ஒன்றுமே கல்லாதவனுக்குத்தான் ஏற்படுகிறது. கர்நாடக சங்கீதத்துக்கு வாத்தியார் தேடுகிற தாயும், வியாதிக்கு வைத்தியர் தேடுகிற குடும்பமும், மன அமைதிக்குச் சாமியார் தேடுகிற தனவந்தரும் இதே முட்டுச்சந்தில்தான் வந்து நிற்கிறார்கள். அவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன்: எனக்கு அளக்கத் தெரியாத வித்தையை விட்டுவிட்டு, அளக்கத் தெரிந்த கட்டடத்தை அளந்தேன்.

ஆகவே முதலில் நான் சேர்ந்த இடம் பெரியது, பெயர் வேண்டாம். நிலைக்கண்ணாடிகள், சுவர் நிறையச் சான்றிதழ்கள், மார்பில் முத்திரை பொறித்த சீருடை. வீட்டிலிருந்து இரண்டு ஜீப்னி மாறிப் போக வேண்டும். பன்னிரண்டு அடிகளுக்கும் எண் உண்டு. எண்ணைக் கூவியபடி கண்ணாடியில் தெரியும் என்னையே நான் ஆறு வாரம் அடித்தேன். எதிரே ஓர் ஆள் நின்று பிரம்பை நீட்டியது ஒரே ஒரு நாள். அன்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏழாவது வாரம் மழை பெய்தது, இரண்டாவது ஜீப்னி வரவில்லை, நானும் திரும்பிவிட்டேன். அதன் பிறகு மழை பெய்யாத நாட்களிலும் போகவில்லை. குறை அவர்களுடையது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். வெகு தூரத்தில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்ததே சௌகரியமாக நின்றுவிடுவதற்குத்தானோ என்ற சந்தேகம் பிறகு வந்தது.

இரண்டாவது இடம் என் வாசலிலிருந்து நானூறு அடி தூரத்தில் அத்தனை நாளும் இருந்தது. காரியாலயத்துக் காரின் டயரில் ஆணி ஏறிய ஒரு மாலையில், தெருமுனைப் பஞ்சர் கடையில் காத்திருந்தபோது, கடைக்குப் பின்னாலிருந்து தகரக் கூரையில் பட்டு எதிரொலிக்கும் அந்தத் தறிச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். பழைய டயர்களை அடுக்கி மறைத்த ஒரு முற்றம், ஒற்றை மின்விளக்கு, எழுபது வயதிருக்கும் ஒருவர் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாய் நின்று, பத்து வயதுப் பையன் ஒருவனோடு விளையாடிக்கொண்டிருந்தார். அவருடைய வித்தையை அளக்க அன்றும் எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒன்று பிரத்தியட்சமாகத் தெரிந்தது: அந்தப் பையன் தவறு செய்தபோது கிழவரின் பிரம்பு அவன் காதோரம் ஓர் அங்குலம் விட்டு நின்றது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். அடிக்கத் தெரிந்தவரை எங்கும் காணலாம். நிறுத்தத் தெரிந்தவரை அன்றுதான் பார்த்தேன்.

“நோங், எனக்கும் சொல்லிக் கொடுப்பீர்களா?” என்று கேட்டேன். மூத்தவரை அவ்வூரில் அப்படித்தான் அழைப்பார்கள். அவர் என் வயிற்றையும் தோளையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த பிரம்பொன்றை என் கையில் கொடுத்து, “அடி, டோங்” என்றார். டோங் என்பது நம் தம்பி. ஐம்பத்திரண்டு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட அந்தத் தேசத்தில் ஒருவர் இருந்தாரென்பதே அந்த மாதத்துச் சம்பளத்தைக் கொடுத்துவிடத் தகுந்த காரணமாயிருந்தது.

பிரம்பு ஏறக்குறைய 28 அங்குலம். மூங்கிலைப் போல உள்ளே பொந்தில்லை; அடிபட்டால் சிலாம்பாகத் தெறிக்காமல் நார் நாராகப் பிரியும்; இரண்டு பிரம்புகள் பலமாக மோதும்போது கருகின வாசனை ஒன்று எழும். அந்த வாசனையை நான் அறிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று, ஏனென்றால் முதல் வாரம் என் விரல் மொழிதான் அவருடைய பிரம்போடு மோதிக்கொண்டிருந்தது. “ஹினாய் லாங், ஹினாய் லாங்” என்பார், மெதுவாக, மெதுவாக. வேகமாகச் செய்தால் என் தப்பு எனக்குத் தெரியாமல் போய்விடுமாம்.

ஆனால் நான் முற்றிலும் எதிர்பாராதது இடக்கை. பிரம்பு வலக்கையில் இருக்கையில் இடக்கை சும்மா தொங்குமென்றே எண்ணியிருந்தேன். அவர் அதைத் தூக்கி என் மார்புக்கு முன்னால் நிறுத்தினார். அடியை வாங்குவது பிரம்பு. வாங்கிய கணத்தில் எதிராளியின் மணிக்கட்டைத் தொட்டு, அழுத்தி, விலக்கி, அடுத்த அடி எங்கிருந்து கிளம்பும் என்று அறிகிறது வெறுங்கை. ஆயுதம் பிடித்த கைக்கு ஆயுதத்தின் சேதி மட்டுமே தெரியும் என்றும், எதிரே இருக்கும் மனிதனின் சேதி வெறுங்கைக்குத்தான் வரும் என்றும் என் தப்பும் தவறுமான ஊகம். கிழவர் இப்படியெல்லாம் பேசுகிறவரல்லர்.

அவர் செய்ததற்குப் பலின்தவாக் முறையில் அகாக் என்று பெயர். வழிநடத்துவது என்று அர்த்தம். ஆசிரியர் அடிகளை ஊட்டிக்கொண்டே இருப்பார். சிஷ்யன் தாங்கும் அளவுக்குச் சற்று அதிகமாக, அவன் சோர்ந்தால் உடனே குறைவாக. பாக்கோன் காலத்தில் இதற்கு வரிசைக்கிரமம் கிடையாதாம், கைக்கு வந்ததைக் கற்பிப்பாராம். ஹோசே வில்லாசின் என்ற வக்கீலும் தியோஃபிலோ வெலெஸும் பிற்பாடு அப்பாடங்களைத் தொகுதி தொகுதியாக வகைப்படுத்தி, புதிதாக வருகிறவனும் பற்றிக்கொள்ளும்படி ஆக்கினார்கள். வக்கீல் மூளைக்கு நான் வேறெங்கும் இத்தனை நன்றி பாராட்டியதில்லை.

ஐந்து மாதம் சென்றபின் ஒரு மாலை, என் பிரம்பின் நுனி நார்விட்டுத் தாடி முளைத்தது போலாயிற்று. கிழவர் சட்டைப்பையிலிருந்து மின்சார வேலைக்குரிய கறுப்பு டேப்பை எடுத்து, பல்லால் கிழித்துச் சுற்றலானார். அப்போதுதான், ஊர் முழுவதும் நான் எல்லோரிடமும் முதலாவதாகக் கேட்ட கேள்வியை இவரிடம் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. “நோங், உங்களுடைய குரு யார்?”

அவர் சுற்றுவதை நிறுத்தாமல் யோசித்தார். “அடுத்த தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்தார்” என்றார். “மீன் சீசனில் வகுப்பு கிடையாது.” பிரம்பை ஒருமுறை காற்றில் வீசிப் பார்த்து என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கியபோது, இடக்கை தானாகவே மார்புக்கு முன்னால் ஏறியிருந்தது.